கப்பல் ஜெனரேட்டர்: ஓவர்ஹாலுக்குப் பிறகு முதல் ஸ்டார்ட்

ஓவர்ஹால் (பிரித்துச் சரிபார்த்து மறுபடி மாட்டும் வேலை) முடிந்து நிற்கும் செட் இது, அதாவது இன்ஜினும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்தது: நான்கு ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர், 720 ஆர்பிஎம், 10 போல் ஆல்டர்னேட்டர், 450 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சிலிண்டர் ஹெட் ஆறையும் இறக்கி, வால்வுகளையும் சீட்டுகளையும் கிரைண்ட் செய்து, ஃபியூயல் வால்வுகளை டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்து, பிக் எண்ட் பேரிங்குகளை (பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கான்ராடின் அடிப்பக்கத்து பேரிங்குகள்) திறந்து பார்த்து, எல்லாவற்றையும் மேனுவலில் சொன்ன டார்க்குக்கு இறுக்கி மூடியாகிவிட்டது. இனி ஓட்ட வேண்டும்.

மேன் எல்23/30எச் மாதிரியான இன்ஜினை மனதில் வைத்து எழுதுகிறோம். போர் 225 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 300 மில்லிமீட்டர், ஏர் மோட்டரில் (அழுத்தக் காற்றால் ஓடும் சிறு மோட்டர்) சுற்றித்தான் ஸ்டார்ட் ஆகும். யான்மார், டைஹாட்ஸு, வார்ட்சிலா எதுவானாலும் வேலையின் வரிசை இதுதான். அழுத்தம், வெப்பநிலை, கிளியரன்ஸ் போன்ற எண்களை அந்தந்த இன்ஜினின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்துவது சில விநாடி வேலை. இன்ஜின் பிழைப்பதும் கெடுவதும் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்தான் முடிவாகிறது. அதிலும் ஒன்றே ஒன்றை மட்டும்தான் வலியுறுத்த முடியும் என்றால், இண்டிகேட்டர் காக்குகளை (ஒவ்வொரு சிலிண்டரையும் வெளியே திறந்துவிடும் சின்ன வால்வுகள்) திறந்து வைத்து இன்ஜினைச் சுற்றிப் பார்ப்பதைச் சொல்வோம். சிலிண்டருக்குள் காற்றைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேறு வழி கிடையாது.

பூட்டை எடுக்கும் முன்

வேலை தொடங்கும்போது மாட்டிய பூட்டுகளும் டேக்குகளும் இருக்குமில்லையா? இன்ஜின் பக்கத்து ஸ்டார்டிங் ஏர் வால்வு, பிரைமிங் பம்ப் (ஸ்டார்டுக்கு முன்பே பேரிங்குகளுக்கு எண்ணெய் அனுப்பும் பம்ப்) ஸ்டார்ட்டர், ஃபியூயல் இன்லெட், அவுட்லெட், ஜாக்கெட் வாட்டர் வால்வுகள், மெயின் ஸ்விட்ச்போர்டில் பிரேக்கர். இவற்றை ஒரே மூச்சில் எடுத்துவிடக் கூடாது. செலக்டர் ஸ்விட்ச் லோக்கலில்தான் இருக்க வேண்டும்; பிரேக்கர் திறந்த நிலையிலேயே இருக்கட்டும்; ஸ்டார்டிங் ஏர் கடைசியில்தான் வர வேண்டும். ரிமோட்டிலோ ஆட்டோவிலோ செலக்டர் இருக்கும்போது ஓடும் ஜெனரேட்டர் ட்ரிப் ஆனால், பவர் மேனேஜ்மென்ட் சிஸ்டம் யாரையும் கேட்காமல் இந்த இன்ஜினைச் சுற்றிவிடும். கை உள்ளே இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

கிராங்க்கேஸ் கதவுகளை மூடும் முன் டூல்களையும் துணிகளையும் எண்ணிப் பாருங்கள். உள்ளே எத்தனை கொண்டுபோனோமோ அத்தனையும் வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு கந்தைத் துணி போதும், சம்ப் (இன்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) ஸ்ட்ரெய்னரை அடைத்து லூப் ஆயில் பம்ப்பை வறட்டிவிடும்.

லேகிங்கும் (சூட்டைத் தடுக்கும் உறை) இந்தக் கட்டத்தில்தான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டர்போ இன்லெட், எக்ஸாஸ்ட் பெல்லோஸ் இவற்றின் மேல் கவரும் லேகிங்கும் முழுமையாக மாட்டிய பிறகே ஸ்டார்ட். 220 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக்கூடிய பரப்பு எதையும், எண்ணெய் கசிந்தால் அதன் மேல் படக்கூடிய இடத்தில், மூடாமல் விடக்கூடாது என்பது சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி. “ட்ரையல் முடியட்டும், அப்புறம் மாட்டலாம்” என்று சொல்லும் அந்த ட்ரையலில்தான் புதிதாக இறுக்கிய ஃபியூயல் பைப் கசியும்.

எக்ஸாஸ்ட் லைனில் டாம்பர் (புகை வழியை மூடும் தட்டு) இருக்கும் கப்பல்களில் அது திறந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பால்டிமோரில் 2024 மார்ச் 26 அன்று பாலத்தில் மோதிய டாலி கப்பலில், முந்தைய நாள் துறைமுகத்தில் ஸ்க்ரப்பர் (எக்ஸாஸ்ட் புகையைக் கழுவும் கருவி) வேலையின்போது, ஓடும் ஜெனரேட்டரின் எக்ஸாஸ்ட் டாம்பரைத் தவறுதலாக மூடியதால் இன்ஜின் திணறி நின்று கப்பல் இருண்டது என்று அமெரிக்க விசாரணை வாரியத்தின் முதல் அறிக்கை சொல்கிறது. மோதலுக்குக் காரணமான பிளாக் அவுட் வேறு. அது ஸ்விட்ச்போர்டில் சரியாக உட்காராத ஓர் ஒயரில் தொடங்கியது. ஆனால் மூடிய டாம்பர் ஓர் இன்ஜினை என்ன செய்யும் என்பதற்கு அந்த முந்தைய நாள் நல்ல பாடம்.

லூப் ஆயில்

டிப்ஸ்டிக்கை வெறுமனே இழுத்துப் பார்த்துவிட்டுச் செருகினால் போதாது. துடைத்து, முழுதும் செருகி, எடுத்துப் பாருங்கள். பிரைமிங் பம்ப் ஓடும்போது ஒரு அளவும் நிற்கும்போது ஒரு அளவும் காட்டும். எந்த நிலையில் பார்க்க வேண்டும் என்று மேனுவலில் இருக்கும். அளவு குறைந்தால் எல்லோரும் கவலைப்படுவார்கள். கூடியிருந்தால்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். யாரும் ஊற்றாமல் சம்ப் ஏறியிருந்தால் தண்ணீரோ டீசலோ உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சம்ப்பின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்த்து, கிட்டில் வாட்டர் டெஸ்ட் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்குத் தனி எண்ணெய். உட்வர்டு யூஜி-8 என்றால் சைட் கிளாஸில் கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். டர்போவுக்குத் தனி சம்ப் இருந்தால் அதையும், பழைய மாடல்களில் ராக்கர் ஆர்முக்குத் தனி டாங்க் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

இனி பிரைமிங் பம்ப். ஓவர்ஹால் முடிந்த இன்ஜினில் இதைக் கிராங்க்கேஸ் கதவுகள் திறந்திருக்கும்போதே ஓட்ட வேண்டும். எண்ணெய் சூடாக இருந்தால் முகத்தை உள்ளே நீட்டாமல் டார்ச் அடித்துப் பாருங்கள்: ஒவ்வொரு மெயின் பேரிங்கின் இரு ஓரங்களிலிருந்தும், ஒவ்வொரு பிக் எண்டிலிருந்தும் எண்ணெய் ஒழுக வேண்டும். மேலே ராக்கர் கவர்களைத் திறந்து ஆறு ஹெட்டிலும் ராக்கருக்கு எண்ணெய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று மட்டும் வறண்டிருந்தால், நேரம் ஆக ஆக வந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். பேரிங் ஷெல் திருப்பி மாட்டப்பட்டு எண்ணெய்த் துளை அடைபட்டிருக்கலாம். ஹெட்டுக்குப் போகும் எண்ணெய் வழியில் பழைய ஓ ரிங் துண்டு உட்கார்ந்திருக்கலாம். வேறெங்காவது ஒரு பேரிங்கிலிருந்து மட்டும் குழாய் திறந்தாற்போல் கொட்டினால் அங்கே கிளியரன்ஸ் கூடிவிட்டது அல்லது ஷெல் சரியாக உட்காரவில்லை.

கால் மணி நேரம் பிரைமிங் ஓடட்டும். அந்த நேரத்திலேயே டர்னிங் பாரை (இன்ஜினைக் கையால் சுற்றும் கம்பி) போட்டு மெதுவாகச் சுற்றலாம். ஆனால் மேனுவல் இடைவெளி விட்டு ஓட்டச் சொல்லியிருக்கும் இன்ஜினில், வேலை வேறு பக்கம் இழுத்துக்கொண்டுபோனது என்று பிரைமிங் பம்ப்பை மணிக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. ராக்கருக்கு ஏறும் எண்ணெய் வால்வு கைடு வழியாகச் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் இறங்கும். பின்னால் காக்கில் எண்ணெய் தெறித்தால் அதன் காரணம் பல நேரம் இதுதான்.

தண்ணீர், எரிபொருள், ரேக்

எக்ஸ்பான்ஷன் டாங்க் லெவல் பார்த்து, ஜாக்கெட் வாட்டர் வால்வுகளைத் திறந்து, இன்ஜினின் மேல் உள்ள வென்ட் காக்கில் காற்று போய்த் தண்ணீர் ஒரே சீராக வரும்வரை விட வேண்டும். தண்ணீர் நிரம்பியதும் உடனே ஸ்டார்டுக்குப் போகாதீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே அழுத்தத்தில் நிற்கட்டும். ஹெட் காஸ்கெட், லைனரின் அடி ஓ ரிங், இவற்றில் கசிவு இருந்தால் இந்த நேரத்தில்தான் காட்டும். லைனர் அடியில் சொட்டு விழுகிறதா என்று கிராங்க்கேஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த பிறகு கதவுகளை மூடுங்கள். ஜாக்கெட்டை ஓடும் இன்ஜினின் தண்ணீராலோ ப்ரீஹீட்டராலோ 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக்கொள்வது நல்லது. ஹெவி ஆயிலில் ஸ்டார்ட் செய்வதென்றால் அது கட்டாயம்.

ஓவர்ஹாலுக்குப் பிறகான முதல் ஸ்டார்டை டீசலில் செய்வதே எங்கள் வழக்கம். எங்காவது கசிந்தாலும் துடைத்துவிடலாம், பைப் சூடு கையைச் சுடாது. குளிரூட்டாத டீசல் சூடான லைனில் போய் மெலிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; பெரும்பாலான இன்ஜின்களுக்குப் பம்ப் இன்லெட்டில் அதன் பிசுபிசுப்பு 2 சென்டிஸ்டோக்குக்குக் கீழே போகக்கூடாது. ஹெவி ஆயிலில் ஓட்டும்போது 12 முதல் 18 வரை. ஃபில்டரிலும் பம்ப் ரெயிலிலும் உள்ள வென்ட்டைத் திறந்து நுரை நின்று எரிபொருள் வரும்வரை காற்றை எடுங்கள். ஹை பிரஷர் பைப்புகளின் வெளிக்கவசத்திலிருந்து கசிவு போய்ச் சேரும் சின்னப் பெட்டியைக் காலி செய்து, ஃப்ளோட்டைக் கையால் தூக்கி அலாரம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். முதல் ஓட்டத்தில் எங்கே கசிந்தாலும் முதலில் கத்துவது அதுதான்.

ஃபியூயல் ரேக்கில் (பம்ப் தரும் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் பல் தண்டு) அவசரம் கூடாது. கவர்னர் லிங்கேஜைக் கையால் தள்ளி இழுத்தால் ஆறு பம்ப்பும் இழுபறி இல்லாமல் போய் வர வேண்டும். ஸ்டாப்பில் வைத்தால் ஆறும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். ஒரே ஒரு ரேக் நடுவில் ஒட்டிக்கொண்டாலும், இன்ஜின் பிடித்தபின் கவர்னர் குறைக்க முயலும்போது அந்த சிலிண்டர் எரித்துக்கொண்டே இருக்கும். லோட் இல்லாத இன்ஜின் வேகம் ஏறிவிடும். பம்ப்பைக் கழற்றி மாட்டியபோது ரேக்கின் பல்லும் பினியன் குறியும் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, இன்ஜின் நிற்கும்போதே எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்துங்கள். ஸ்டாப் சிலிண்டர் சட்டென்று ரேக்கை பூஜ்யத்துக்குத் தள்ள வேண்டும். தள்ளினால் ரீசெட் செய்துவிட்டு மேலே போகலாம். தள்ளாவிட்டால் கன்ட்ரோல் ஏர் 7 பார் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்த முடியாத இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. இதில் விலக்கே இல்லை.

பாரில் சுற்றுதல், ப்ளோ

இண்டிகேட்டர் காக் ஆறும் திறந்திருக்கட்டும். ஸ்டாப் லீவர் ஸ்டாப்பில். டர்னிங் பாரை ஃப்ளைவீலில் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒன்று போதாது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் எல்லா சிலிண்டரும் கம்ப்ரஷனைக் கடந்து வர 720 டிகிரி வேண்டும். ஒரு சுற்றோடு நிறுத்தினால் பாதி சிலிண்டர்களைப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று பொருள்.

சுற்றும்போது காதும் கையும் வேலை செய்ய வேண்டும். பிஸ்டன் வால்வைத் தொடும் சத்தம், காக்கில் வரும் காற்றின் சீறல், எங்காவது திடீரென்று கனக்கும் இடம். காக் திறந்திருந்தும் பார் ஓரிடத்தில் நின்றுபோனால் அங்கேயே விட்டுவிடுங்கள். பைப்பை நீட்டிச் செருகி இருவர் சேர்ந்து இழுக்கும் பழக்கம் பல இன்ஜின் ரூம்களில் இருக்கிறது. கான்ராடை வளைக்கும் வேலையைக் கையாலேயே தொடங்குவதற்குச் சமம் அது. காக்கின் துளை கார்பனால் அடைபட்டிருந்தால் உள்ளே உள்ள தண்ணீர் வெளியே வர வழியில்லை. ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்து, துளை திறந்திருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு தண்ணீர் இருந்தால் ஆபத்து? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 225 மில்லிமீட்டர் போர், 300 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்றால் ஒரு சிலிண்டர் தள்ளும் அளவு ஏறத்தாழ 11.9 லிட்டர். கம்ப்ரஷன் விகிதம் 13 என்று கொண்டால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் ஒரு லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே வரவே முடியாது. அரை லிட்டர் இருந்தாலும் மிஞ்சும் இடம் பாதியாகி, கம்ப்ரஷன் பிரஷர் இரண்டு மடங்குக்கு மேல் எகிறும். கான்ராட் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து, இன்ஜின் அன்றைக்கு ஓடிவிடும். பிறகு ஒரு நாள் பிக் எண்ட் பேரிங் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்து நிற்கும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

சுற்றி முடித்ததும் பாரை எடுத்து அதன் கொக்கியில் மாட்டுங்கள். ஏர் மோட்டரை இயங்கவிடாமல் தடுக்கும் இன்டர்லாக் டர்னிங் கியருக்கு இருக்கலாம். கையில் பிடிக்கும் பாருக்கு அநேகமாக இருக்காது. ஃப்ளைவீலில் மறந்துவிட்ட பார், காற்று கொடுத்ததும் பறந்து வரும். ஆகவே, ஸ்டார்டிங் ஏர் வால்வைத் திறக்கப் போகிறவர் பார் கொக்கியில் தொங்குவதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இனிக் காற்று. முதலில் ஏர் பாட்டிலின் டிரெயினைத் திறந்து தண்ணீரையும் எண்ணெயையும் வடிக்க வேண்டும். பிறகு லைனில் உள்ள டிரெயின். பாட்டில் அழுத்தம் 30 பாருக்கு அருகே இருக்கட்டும். ஸ்டார்டிங் ஏர் வால்வை மெதுவாகத் திறங்கள்.

ப்ளோவுக்கு, அதாவது காக்குகளைத் திறந்து வைத்துக் காற்றால் இன்ஜினைச் சுற்றி உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றுவதற்கு, இருவர் வேண்டும். ஒருவர் ஏர் பட்டனில், மற்றவர் காக்குகளைப் பார்க்கும் இடத்தில். காக்கின் வாய்க்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். பக்கத்து இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் காக்கின் வாய் அதன் எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்கிறதா என்பதையும் கவனியுங்கள். தெறிப்பது டீசல் துளிகளாக இருந்து சூடான பரப்பில் பட்டால் அங்கேயே பற்றிக்கொள்ளும்.

ஸ்டாப் லீவர் ஸ்டாப்பில் இருக்கிறதா, ரேக் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு மூன்று, நான்கு விநாடி காற்று கொடுங்கள். இன்ஜின் சில சுற்றுச் சுற்றும். ஒவ்வொரு காக்கிலிருந்தும் வெறும் காற்று சீற வேண்டும். வேறு எது வந்தாலும் எந்த சிலிண்டர் என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு காரணம் தேடுங்கள்:

தெளிவான தண்ணீர் வந்தால், ஹெட் விரிசல், ஹெட் காஸ்கெட், எக்ஸாஸ்ட் வால்வு சீட்டின் கூலிங் ஓ ரிங். ஜாக்கெட் தண்ணீரில் நைட்ரைட் போட்டிருந்தால் கிடைத்த தண்ணீரை டெஸ்ட் கிட்டில் போட்டுப் பாருங்கள். நைட்ரைட் இருந்தால் ஜாக்கெட்தான். இல்லாவிட்டால் சார்ஜ் ஏர் கூலரில் சேர்ந்த ஈரம், அல்லது மழைத் தண்ணீர். மழையா என்று சிரிக்காதீர்கள். ஃபன்னல் மேலே எக்ஸாஸ்ட் பைப்பின் வாய் திறந்திருக்கிறது. நாள்கணக்கில் நிற்கும் இன்ஜினில், கனமழைக்குப் பிறகு, பைப் அடியில் உள்ள டிரெயின் துருப்பிடித்து அடைபட்டிருந்தால் தண்ணீர் டர்போவைத் தாண்டி, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள்ளேயே வந்து உட்காரும். அந்த டிரெயினைக் கம்பி விட்டுத் திறந்து வைப்பது ஐந்து நிமிட வேலை. கூலர் டிரெயினும் அப்படியே.

கொசுமருந்து அடித்தாற்போல் வெண்மையான, எண்ணெய் வாசமுள்ள புகை வந்தால் அது டீசல். ஃபியூயல் வால்வின் நீடில் சீட்டில் உட்காராமல், பம்ப்பின் டெலிவரி வால்வும் தாங்காமல் இருந்தால், ஸ்டாண்ட்பையில் சுற்றிக்கொண்டிருக்கும் எரிபொருள் சிறிது சிறிதாக பிஸ்டன் மேல் சேரும். அது லைனர் எண்ணெயைக் கழுவிவிடும். கீழே இறங்கி சம்ப்பையும் கெடுக்கும். அந்த வால்வைக் கழற்றி மறுபடி டெஸ்ட் பெஞ்சுக்குக் கொண்டுபோங்கள்.

கறுத்த எண்ணெய் கொஞ்சம் தெறித்தால் பிரைமிங் அதிக நேரம் ஓடியதாக இருக்கலாம். மறுபடி ப்ளோ செய்து காய்ந்துபோனால் மேலே போகலாம். திரும்பத் திரும்ப வந்தால் வால்வு கைடு அல்லது ஸ்டெம் சீல்.

தண்ணீரோ டீசலோ வந்த பிறகு “இன்னொரு தரம் ஊதினால் போய்விடும்” என்று ஊதிவிட்டு ஸ்டார்ட் செய்யக் கூடாது. இப்போது போய்விடும்; ஆனால் வழி அடைபடவில்லை. இன்று இரவு நிற்கும் நேரத்தில் மறுபடி சேரும்.

ப்ளோ சுத்தமாக வந்தால் ஆறு காக்கையும் மூடுங்கள், மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள். திறந்த காக்கோடு இன்ஜின் பிடித்தால் தீயே வெளியே வரும்.

ஸ்டார்ட்

பிரைமிங் பம்ப் ஓடிக்கொண்டிருக்கட்டும். லீவர் ரன்னில். ஃப்ளைவீல் முழுதாக நின்றிருக்க வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும் ரிங் கியரில் ஏர் மோட்டர் பினியன் மோதினால் பல்லெல்லாம் சிதறும். பட்டனை அழுத்தி, பிடித்ததும் விடுங்கள்.

ஐந்தாறு விநாடியில் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உடனே மறுபடி அழுத்தத் தோன்றும். பாட்டிலில் காற்று இருக்கிறதே என்று தோன்றும். ஒவ்வொரு தடவையும் எரியாத டீசல் சிலிண்டரிலும் எக்ஸாஸ்டிலும் சேர்கிறது. கடைசியில் பிடிக்கும்போது அத்தனையும் ஒன்றாக எக்ஸாஸ்ட் பைப்பில் எரியும். பிடிக்காத இன்ஜினில் காக்குகளைத் திறந்து, ரேக்கைப் பூஜ்யத்தில் வைத்து, ஊதி வெளியேற்றிவிட்டு, பிறகு காரணத்தைத் தேட வேண்டும்.

காரணம் பெரும்பாலும் எளியது. எமர்ஜென்சி ஸ்டாப் அல்லது ஓவர்ஸ்பீடு ட்ரிப் ரீசெட் ஆகாமல் ரேக் பூஜ்யத்திலேயே நிற்கும். ஃபியூயல் லைனில் காற்று. கவர்னரில் எண்ணெய் இல்லை, அல்லது அதன் பூஸ்டருக்குக் காற்று வரவில்லை. டாப்பெட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் ராக்கருக்கும் இடையிலான இடைவெளி) வைக்கும்போது அந்த சிலிண்டர் கம்ப்ரஷன் டெட் சென்டரில் இல்லாமல், வால்வுகள் ஓவர்லாப்பில் (இரண்டும் சற்றே திறந்த நிலையில்) நிற்கும்போது வைத்துவிட்டால் இடைவெளி கூடிப்போய் வால்வு சரியாகத் திறக்காது, போதிய காற்று உள்ளே வராது. இன்ஜின் சுற்றுவதே மந்தமாக இருந்தால் ஏர் மோட்டரின் ஸ்ட்ரெய்னர், ரெட்யூசிங் வால்வு.

சிலிண்டருக்குள் நேராகக் காற்று விடும் வகை இன்ஜின்களில் இன்னொரு பொறுப்பு இருக்கிறது. ஹெட்டில் உள்ள ஸ்டார்டிங் ஏர் வால்வு கசிந்தால் எரியும் வாயு பைப்புக்குள் திரும்பும். கம்ப்ரஸரிலிருந்து வந்த எண்ணெய் பைப் உள்ளே படிந்திருந்தால் அது வெடிக்கும். ஃப்ளேம் அரெஸ்டர், பர்ஸ்டிங் டிஸ்க் எல்லாம் இதற்காகத்தான். இன்ஜின் பிடித்ததும் ஒவ்வொரு ஹெட்டுக்கும் போகும் காற்றுப் பைப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்த வால்வு கசிகிறது, இன்ஜினை நிறுத்துங்கள்.

முதல் நிமிடங்கள்

பிடித்த உடனே பார்க்க வேண்டியது லூப் ஆயில் கேஜ். சில விநாடிகளில் முள் எழுந்து இயல்பான அளவுக்கு வர வேண்டும், பல செட்டுகளில் அது 3.5 முதல் 5 பாருக்குள். பத்து விநாடியாகியும் எழவில்லை என்றால் அலாரத்துக்காகக் காத்திருக்காமல் நிறுத்துங்கள். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் லோ பிரஷர் ட்ரிப் சில விநாடிகளுக்குத் தடுக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் இன்ஜினைக் காப்பது பார்த்துக்கொண்டு நிற்பவர் மட்டும்தான்.

பிறகு ஜாக்கெட் வாட்டர் பிரஷர், ஃபியூயல் பிரஷர், ஆறு எக்ஸாஸ்ட் வெப்பநிலையும் ஏறுகிறதா. ஏறாத சிலிண்டர் எரியவில்லை. டார்ச்சோடு ஒரு சுற்று: ஃபியூயல் பைப் மூட்டுகள், ராக்கர் கவர்கள், எக்ஸாஸ்ட் பெல்லோஸ். கசியும் ஃபியூயல் பைப்பை ஓடும் இன்ஜினில் இறுக்கப் போகாதீர்கள், நிறுத்திவிட்டு இறுக்குங்கள்.

ஓவர்ஹாலுக்குப் பின் முதல் ஓட்டம் ஐந்து முதல் பத்து நிமிடம், லோட் இல்லாமல். பிறகு நிறுத்தி, ஸ்டார்டிங் ஏரை மூடி, செலக்டரை லோக்கலில் விட்டு, காக்குகளைத் திறந்து வைத்து, 20 நிமிடம் கழித்துக் கிராங்க்கேஸைத் திறக்க வேண்டும். சூடான இடம் ஒன்று உள்ளே இருந்தால் எண்ணெய்ப் புகை சூழ்ந்திருக்கும். உடனே கதவைத் திறந்தால் புதுக்காற்று போய் அது வெடிக்கும். காத்திருப்பது அதற்காக. திறந்ததும் ஆறு பிக் எண்டையும் புறங்கையாலோ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டராலோ பார்த்து ஒப்பிடுங்கள். எத்தனை டிகிரி என்பதைவிட ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் முக்கியம். ஐந்து ஒரே சூட்டில் இருக்க ஒன்று மட்டும் கையை எடுக்கவைத்தால் அந்த பேரிங்கை அன்றைக்கே கழற்ற வேண்டும். சம்ப்பில் வெள்ளை மெட்டல் துகள் மின்னுகிறதா, லைனர் அடியில் நீளக்கோடு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சரியாக இருந்தால் மறுபடி அரை மணி ஓட்டி, மறுபடி திறந்து பார்த்து, லூப் ஆயில் ஃபில்டரையும் கழற்றிப் பார்க்கலாம்.

ஓவர்ஸ்பீடு ட்ரிப் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் இந்தக் கட்டத்தில். 220 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள ஜெனரேட்டர் இன்ஜின்களில் வேகம் ரேட்டட் வேகத்தைவிட 15 சதவீதத்துக்கு மேல் போகாமல் அது நிறுத்த வேண்டும், 720-க்கு 828. செகண்ட் இன்ஜினியர் பக்கத்தில் நிற்க, டேக்கோமீட்டரில் ஒரு கண்ணும் ஸ்டாப்பில் ஒரு கையுமாகச் செய்ய வேண்டிய வேலை.

லோட் ஏற்றுதல்

நாள்கணக்கில் நின்ற ஆல்டர்னேட்டர் என்றால் ஸ்டார்டுக்கு முன்பே 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) இன்சுலேஷன் பார்த்திருக்க வேண்டும். ஏவிஆரின் (வோல்டேஜைச் சீராக வைக்கும் கருவி) இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பேஸ் ஹீட்டரை அணைத்துவிட்டு. ஒரு மெகாஓம்முக்குக் கீழே இருந்தால் ஹீட்டர் போட்டுக் காய வைக்க வேண்டும்.

வோல்டேஜ் 450-க்கு வந்து நின்றதும் சிங்க்ரோனைசிங், அதாவது ஓடும் செட்டோடு இதைச் சேர்த்து இணைப்பது. உள்ளே வரும் செட் ஒரு முடி வேகமாக இருக்க வேண்டும். சிங்க்ரோஸ்கோப் முள் கடிகாரத் திசையில், ஒரு சுற்றுக்கு நான்கைந்து விநாடிக்குக் குறையாமல் சுற்றட்டும். பன்னிரண்டுக்குச் சற்று முன் பிரேக்கரைப் போடுங்கள். பிரேக்கர் மூட எடுக்கும் நேரத்தில் முள் பன்னிரண்டுக்கு வந்துவிடும். மெதுவாக இருக்கும் செட்டைப் போட்டால் அது லோட் எடுக்காமல் மோட்டராகச் சுற்ற ஆரம்பித்து ரிவர்ஸ் பவரில் ட்ரிப் ஆகும். டீசல் செட்டுகளுக்கு அந்த செட்டிங் 8 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கும். போட்டதும் கவர்னர் ஸ்விட்ச்சால் கொஞ்சம் லோட் கொடுத்துவிட்டுக் கையை எடுங்கள்.

லோடைக் கால் கால் பங்காக, நடுவில் ஐந்து நிமிடமாவது விட்டு ஏற்றலாம். புது ரிங் போட்ட சிலிண்டர்களுக்கு மேனுவலில் ரன்னிங் இன் அட்டவணை இருக்கும். அதை அப்படியே பின்பற்றுங்கள். மறுபுறம், லோட் இல்லாமல் மணிக்கணக்கில் ஓட்டுவதும் நல்லதல்ல. நாஸில்களும் டர்போவும் கரியாகும். பழைய செட்டை உடனே நிறுத்தாமல், புதியது லோடில் நிலைத்து வெப்பநிலைகள் சமனாகும் வரை இரண்டும் ஓடட்டும்.

ஸ்டாண்ட்பையில் விடுதல்

பிளாக் அவுட்டில் ஆட்டோ ஸ்டார்ட் வரும்போது யாரும் காக் திறந்து ஊதிக்கொண்டிருக்கப் போவதில்லை. ஆகவே ஸ்டாண்ட்பையில் விடும் முன்பே ப்ளோ செய்து விட வேண்டும். நிற்கும் நாள்களில் மேனுவல் சொல்லும் இடைவெளியில், செலக்டரை லோக்கலுக்கு மாற்றி, மறுபடி செய்ய வேண்டும். மாற்றியதும் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்துக்கு இந்த செட் கணக்கில் இல்லை. குறுகிய கால்வாயிலோ துறைமுகம் நுழையும்போதோ இதைச் செய்யாமல், அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

எரிபொருள் எந்தப் பம்ப்பிலிருந்து வருகிறது என்பதும் ஸ்டாண்ட்பையின் ஒரு பகுதி. டாலி விசாரணையில் வெளிவந்த இன்னொரு விஷயம் இது: ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் கொடுக்க, வழக்கமான சப்ளை பம்ப்புக்குப் பதிலாக ஃப்ளஷிங் பம்ப்பை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பவர் போய் வந்தபோது அது தானாக ஸ்டார்ட் ஆகாது. இரண்டாவது தடவை கப்பல் இருண்டதற்கு அது வழிவகுத்தது. உங்கள் கப்பலில் ஓடும் ஃபியூயல் பம்ப்பின் ஸ்டாண்ட்பை பம்ப் ஆட்டோவில் இருக்கிறதா, பிளாக் அவுட்டுக்குப் பின் எது தானாக வரும், எதைக் கையால் போட வேண்டும் என்பதை ஸ்விட்ச்போர்டு முன் நின்று ஒருமுறை சரிபாருங்கள்.

கடைசியாக இன்ஜினைச் சுற்றி ஒரு நடை. காக் ஆறும் மூடியிருக்க வேண்டும், பார் கொக்கியில், ஸ்டார்டிங் ஏர் வால்வு முழுதும் திறந்து, லீவர் ரன்னில், எமர்ஜென்சி ஸ்டாப் ரீசெட் ஆகி, பிரைமிங் பம்ப் ஆட்டோவில், ஜாக்கெட் சூடாக, பிரேக்கர் ஸ்பிரிங் சார்ஜ் ஆகி. அதன் பிறகு செலக்டரை ரிமோட்டுக்குத் திருப்புங்கள். கன்ட்ரோல் ரூம் பேனலில் அந்த செட்டின் “ரெடி டு ஸ்டார்ட்” விளக்கு எரிந்தால்தான் வேலை முடிந்தது. எரியாவிட்டால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மறுபடி லோக்கலுக்கு மாற்றிவிட்டு இன்னொரு சுற்று வாருங்கள்.